இ.பி.பி.எஸ்.: பஃபரும் அதுவே, சோதிக்கும் பொருளும் அதுவே

கேள்வி: ஊட்டியில் எம்.ஃபார்ம். படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வகங்களில் பஃபராக, அதாவது கரைசலின் பி.எச். மாறாமல் தாங்கும் பொருளாகப் பயன்படும் இ.பி.பி.எஸ்., அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதத் திரள்களைப் பிரித்துவிடும் என்று படித்தாராம். அமிலாய்டு இழையோடு ஒட்டினால் ஒளிரும் தயோஃபிளேவின் சாயத்தை வைத்து அதைச் சோதிக்கத் திட்டம். ஆனால் தயாரித்த கரைசலின் பி.எச். காலையில் ஒன்று காட்டுகிறது, மாலையில் வேறொன்று காட்டுகிறது. எங்கே தவறு? கூடவே இன்னொன்று: கோத்தகிரியில் ஞாபகமறதி நோயோடு இருக்கும் பாட்டிக்கு அந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்:

பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாத கேள்வி. கொடுக்கவே கூடாது. ஆய்வில் எலிகளுக்குத் தண்ணீரில்தானே கலந்து கொடுத்தார்கள் என்று வீட்டில் வாதாடுவார்கள். அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பொடி எப்படித் தயாராகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ராக்சிஎத்தில் பைப்பரசினோடு 1,3-புரொபேன் சல்டோன் என்ற பொருளை வினைபுரிய வைப்பதுதான் இ.பி.பி.எஸ். தயாரிக்கும் வழக்கமான வழி. அந்தச் சல்டோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய 2ஏ வகுப்பில் வைத்திருக்கிறது. மருந்துத் தரத்தில் செய்யும் ஆலையில் இப்படிப்பட்ட மிச்சத்தை மில்லியனில் எத்தனை பங்கு என்று அளந்து, வரம்பைத் தாண்டினால் அந்தத் தொகுப்பையே கழித்துவிடுவார்கள். பஃபர் தரத்தில் வரும் புட்டிக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. 99 சதவீதத் தூய்மை என்று லேபிளில் இருக்கும்; மீதி ஒரு சதவீதம் என்ன என்பதை லேபிள் சொல்லாது. சோதனைக்குழாயில் உள்ள புரதத்துக்கு அது போதும். எண்பது வயதுச் சிறுநீரகத்துக்குப் போதாது.

இனி அந்த எலி ஆய்வு. தென் கொரியாவின் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் யங்சூ கிம் குழுவினர் செய்து, 2015 டிசம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அமிலாய்டு பீட்டா புரதம் மூளையில் ஏராளமாகச் சேரும்படி மரபணு மாற்றிய ஏ.பி.பி./பி.எஸ்.1 வகை எலிகள் அவை. நோய்க்குறிகள் நன்றாக முற்றிய பிறகுதான் இ.பி.பி.எஸ். கொடுக்கத் தொடங்கினார்கள். மூளையில் அமிலாய்டு திட்டுகளும் சிறு திரள்களும் குறைந்தன, அழற்சி தணிந்தது, ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைச் சார்ந்த நினைவுச் சோதனைகளில் எலிகள் தேறின. மூலக்கூறு திரள்களோடு ஒட்டி அவற்றைத் தனி அலகுகளாகப் பிரிக்கிறது என்பது அவர்கள் முடிவு. இதே குழு அதற்கு முந்தைய ஆண்டு டாரின் என்ற எளிய பொருளையும் அதே வகை எலிகளுக்குத் தண்ணீரில் கொடுத்து, கற்றலும் நினைவும் மேம்பட்டதாக எழுதியிருந்தது.

நல்ல ஆய்வு. ஆனால் அந்த எலிக்கு இருப்பது அல்சைமர் நோயின் ஒரு துண்டு மட்டுமே. பரம்பரையாக வரும் அரிய வகையில் காணப்படும் மரபணுப் பிழைகளை அதற்குள் புகுத்தியிருக்கிறார்கள், அமிலாய்டு சேர்கிறது. நம் பாட்டிகளின் மூளையில் அதோடு டௌ என்ற இன்னொரு புரதத்தின் முடிச்சுகளும் இருக்கும். நரம்பணுக்களும் பெருமளவில் இறந்திருக்கும். இந்த இரண்டும் அந்த எலியில் பெரிதாக இல்லை. திட்டை அகற்றினால் எலி தேறுகிறது. இறந்த அணு திரும்பாது என்பதால் மனிதர் அப்படித் தேறுவதில்லை. இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். அமிலாய்டை உண்மையிலேயே மூளையிலிருந்து நீக்கும் லெக்கனிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை, ஆரம்ப நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். வேகம் குறைந்தது, அவ்வளவுதான். போன ஞாபகம் மீளவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வந்தன.

இ.பி.பி.எஸ்-இன் நெருங்கிய உறவினர் ஒருவர் ஏற்கெனவே மனிதரிடம் சோதிக்கப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். அதன் அமைப்பைத் தாளில் வரைந்து பாருங்கள். ஒரு முனையில் ஹைட்ராக்சிஎத்தில், நடுவில் பைப்பரசின் வளையம், மறு முனையில் மூன்று கார்பன் வாலும் அதன் நுனியில் சல்ஃபோனிக் அமிலமும். வளையத்தின் நைட்ரஜனோடு சேர்த்து அந்த வாலை மட்டும் வெட்டி எடுத்தால் கையில் இருப்பது ஹோமோடாரின். டிரமிப்ரோசேட் என்ற பெயரில் அது மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், 2007-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் நின்றுவிட்டது. எலியிலும் சோதனைக்குழாயிலும் அதுவும் நன்றாகத்தான் வேலை செய்திருந்தது.

வீட்டுக்குச் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. பாட்டிக்கு பி12, தைராய்டு, சோடியம் அளவுகளைப் பார்த்தாயிற்றா? காது கேட்கிறதா? சமீபத்தில் கீழே விழுந்தாரா? விழுந்திருந்தால் மண்டை ஓட்டுக்குள் மெல்லச் சேரும் இரத்தம்கூட மறதியாகத் தோன்றும். தூக்க மாத்திரையோ ஒவ்வாமைக்கான பழைய மாத்திரையோ சாப்பிடுகிறாரா? இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய காரணங்கள். இவை இல்லையென்று உறுதியான பிறகு டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்றவற்றை மருத்துவர் முடிவு செய்வார். டோனெபெசில் தொடங்கும் முன் நாடித்துடிப்பும் ஈ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள்; துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கு அது மயக்கம் தரும். மலையில் இன்னொரு கவலை உண்டு: இரவில் கதவைத் திறந்து வெளியே போய்விடும் பழக்கம் இருந்தால், மார்கழிப் பனியில் ஒரு மணி நேரமே ஆபத்து. உள் தாழ்ப்பாளைக் கண்ணுக்கு எளிதில் படாத உயரத்தில் மாற்றுங்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

இனி உங்கள் மேசை.

முதலில் புட்டியைப் பாருங்கள். இ.பி.பி.எஸ்., ஹெப்பிபிஎஸ் என்று இரண்டு பெயரில் விற்பது ஒரே பொருள்தான்: மூலக்கூறு எடை 252.33, கேஸ் எண் (வேதிப்பொருளின் பதிவு எண்) 16052-06-5. ஹெப்பிபிஎஸ்ஓ என்று முடிந்தால் அது வேறு பொருள்; வாலில் ஒரு ஹைட்ராக்சில் கூடுதல், எடை 268.33. ஹெப்பிஸ் இன்னொரு பஃபர், எடை 238.30. இந்த மூன்றும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்; மாற்றி எடுப்பது நடக்கக்கூடியதே. ஹெப்பிஸுக்கும் இ.பி.பி.எஸ்-க்கும் உள்ள 14.03 வித்தியாசம் ஒரே ஒரு சிஎச்2, அதாவது வாலில் ஒரு கார்பன். இந்த ஒற்றைக் கார்பனை நினைவில் வையுங்கள். உங்கள் சோதனை முழுவதும் இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

பி.எச். ஏன் ஆடுகிறது? உங்கள் கையில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. ஊட்டியின் குளிர்தான் காரணம். இ.பி.பி.எஸ்-இன் பி.கே.ஏ., அதாவது அதன் அமில வடிவமும் கார வடிவமும் சரிபாதியாக இருக்கும் பி.எச்., 25 டிகிரியில் சுமார் 8.0. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது 0.011 முதல் 0.015 வரை இறங்கும் (அட்டவணைகள் இந்த இடைவெளிக்குள் வேறுபடுகின்றன). காலையில் ஹீட்டர் இல்லாத அறையில் கரைசல் 12 டிகிரியில் இருக்கும். மதியம் கண்ணாடி வழியே வெயில் விழுந்தால் 22 டிகிரி ஆகும். அந்தப் பத்து டிகிரிக்கே 0.1 முதல் 0.15 வரை மாற்றம் வரும். அது மீட்டரின் தடுமாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள், கரைசலின் பி.எச். உண்மையிலேயே மாறுகிறது.

இதைவிடப் பெரிய சேதம் அடுத்த படியில் காத்திருக்கிறது. 15 டிகிரி அறையில் 7.4 என்று சரிசெய்து, ஒளிர்வை அளக்கும் பிளேட் ரீடரில் 37 டிகிரியில் வைத்தால், பிளேட்டின் சிறு குழியான கிணற்றுக்குள் இருப்பது 7.4 ஆக இருக்காது, 7.1 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அமிலாய்டு பீட்டாவின் சமமின்புள்ளி (அதன் மொத்த மின்னூட்டம் சுழியாகும் பி.எச்.) 5.3 அருகே இருப்பதால், பி.எச். கீழே இறங்க இறங்க அது திரளும் விதம் மாறும். அப்போது கட்டுப்பாட்டுக் கிணற்றுக்கும் சோதனைக் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் மருந்தால் வந்ததா, பி.எச்-ஆல் வந்ததா என்று பிரிக்க முடியாது. பாஸ்பேட் பஃபர் டிகிரிக்கு 0.0028 மட்டுமே நகரும் என்பதால் அதே 22 டிகிரிக்கு 0.06 தான் இறங்கும். டிரிஸ் என்ற இன்னொரு பஃபர் 0.028; அது 0.6 இறங்கிவிடும். மூன்றையும் குளிரில் 7.4-க்குச் சரிசெய்து ஒரே பிளேட்டில் 37 டிகிரியில் ஒப்பிட்டால், உண்மையில் மூன்று வெவ்வேறு பி.எச்-களை ஒப்பிடுகிறீர்கள்.

மீட்டரில் தானியங்கி வெப்ப ஈடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சரிசெய்வது மின்முனையின் சரிவை மட்டும்தான்: ஒரு பி.எச். அலகுக்கு 15 டிகிரியில் 57.2 மில்லிவோல்ட், 25-இல் 59.2, 37-இல் 61.5. கரைசல் சூடானால் அதன் பி.எச். எவ்வளவு நகரும் என்பது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. ஆகவே நேரான வழி: நீர்த்தொட்டியை 37-இல் வைத்து, பீக்கரையும், மீட்டரை அளவீடு செய்ய உதவும் பி.எச். தெரிந்த தர பஃபர்களையும் அதற்குள் இறக்கி, அரை மணி பொறுத்து, அங்கேயே அளவீடு செய்து, அங்கேயே பி.எச். சரிசெய்யுங்கள். தர பஃபர்களும் நகரும் என்பதை மறக்க வேண்டாம். 25 டிகிரியில் 9.18 காட்டும் போராக்ஸ் பஃபர் 15 டிகிரியில் 9.28. புட்டியின் முதுகில் அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அன்றைய வெப்பநிலைக்கு எதிரே உள்ள எண்ணைத்தான் மீட்டருக்குக் கொடுக்க வேண்டும்.

நூறு மில்லி, 0.5 மோலார் மூலக்கரைசலுக்கு 12.62 கிராம் இ.பி.பி.எஸ். எடுங்கள். தராசைக் கோயம்புத்தூரில் அளவீடு செய்து மேலே கொண்டுவந்திருந்தால், அதன் உள் எடையையோ சான்று எடையையோ வைத்து மறுபடி அளவீடு செய்யுங்கள். உயரம் ஏறினால் ஈர்ப்பு குறைந்து, நூறு கிராமில் சில பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். அறுபது மில்லி நீரில் கரைத்து, 37 டிகிரியில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். 7.4 வர சுமார் 13 மில்லி பிடிக்கும். அறை 25 டிகிரியாக இருந்தால் 10 மில்லியிலேயே 7.4 காட்டும். அந்த மூன்று மில்லி வித்தியாசம்தான் மேலே சொன்ன வெப்பப் பிழையின் உருவம். 20 மில்லியைத் தாண்டியும் 7.4 வரவில்லையென்றால் எடையோ, காரத்தின் செறிவோ, புட்டியோ தவறு; நிறுத்திச் சரிபாருங்கள். மழைக்காலத்தில் காரத்தின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். மூடுபனி புகுந்த அறையில் சோடியம் ஹைட்ராக்சைடு உருண்டைகள் எடைத்தட்டிலேயே கசிந்து, காற்றின் கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை மில்லி காரம் விட்டீர்கள் என்று நோட்டில் கட்டாயம் எழுதுங்கள். கரைசலில் உள்ள சோடியத்தின் கணக்கு அதுதான். 13 மில்லி விட்டு 100-க்கு நிரப்பினால் 0.5 மோலார் இ.பி.பி.எஸ்-இல் 130 மில்லிமோலார் சோடியம். 50 மில்லிமோலார் இறுதிச் செறிவில் அது 13 ஆகும். ஹெப்பிஸின் பி.கே.ஏ. 7.5, அதே பி.எச்-க்கு அதற்குக் கூடுதல் காரம் பிடிக்கும், சோடியமும் கூடும். உப்புச் செறிவு மாறினாலே அமிலாய்டு இழை உருவாகும் வேகம் மாறும். எனவே குறைவாக உள்ள கிணற்றில் சோடியம் குளோரைடு சேர்த்து எல்லாவற்றையும் சமமாக்குங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டதால் மருந்தின் விளைவு என்று எழுதப்பட்டு, பிறகு உப்பின் விளைவு என்று தெரியவரும் முடிவுகள் இத்துறையில் புதிதல்ல.

7.4 என்பது இ.பி.பி.எஸ்-க்கு வசதியான இடமும் இல்லை. அதன் நல்ல வீச்சு 7.5 முதல் 8.5 வரை. 7.4-இல் அதன் தாங்கும் திறன், பி.கே.ஏ. இடத்தில் உள்ளதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். பஃபராக மட்டும் வேண்டுமென்றால் யாரும் இந்த பி.எச்-க்கு இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நீங்கள் எடுப்பது அதன் மருந்துக் குணத்துக்காக. அதனால்தான் பஃபர் வேலையை 10 மில்லிமோலார் பாஸ்பேட்டிடம் விட்டுவிட்டு, இ.பி.பி.எஸ்-ஐச் சேர்க்கும் பொருளாக மட்டும் நடத்த வேண்டும் என்கிறேன். கட்டுப்பாட்டுக் கிணற்றில் பாஸ்பேட்டும் உப்பும். இன்னொரு கட்டுப்பாட்டில் அதே செறிவு ஹெப்பிஸ். ஒரு கார்பன் குறைந்த ஹெப்பிஸும் அதே அளவு வேலை செய்தால், நீங்கள் பார்ப்பது பைப்பரசின் பஃபர்களின் பொது விளைவு. செய்யாவிட்டால்தான் அந்த மூன்று கார்பன் வாலைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை வரும்.

கிருமி நீக்க ஆட்டோகிளேவ் வேண்டாம், 0.22 மைக்ரான் வடிகட்டி போதும். ஆட்டோகிளேவ் செய்தே ஆக வேண்டிய வேறு பொருட்களுக்காக ஒரு வார்த்தை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியில் கொதிக்கும். பருப்பு வேகாமல் இழுப்பதும் இதனால்தான். அழுத்தமானி 15 பி.எஸ்.ஐ. காட்டினால் உள்ளே 121 டிகிரி என்பது கடற்கரைக் கணக்கு. இங்கே அதே 15-இல் 117 தான் இருக்கும். 121 வேண்டுமென்றால் மானி 18.5 காட்ட வேண்டும், பாத்திரம் அதற்குச் சான்று பெற்றிருந்தால். இல்லையென்றால் அழுத்தத்தை ஏற்றாமல் நேரத்தைக் கூட்டி, வித்துக்கீற்று (கிருமி வித்துகள் உள்ள சோதனைத் தாள்) வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது பெப்டைடு, அதாவது சோதனைக்கு வாங்கும் அமிலாய்டு பீட்டா. விலை உயர்ந்தது, அலட்சியத்தைத் தாங்காது. அமிலாய்டு பீட்டா-42 ஒரு மில்லிகிராம் என்பது 221 நானோமோல். கிணறு ஒன்றுக்கு 100 மைக்ரோலிட்டரும் 25 மைக்ரோமோலாரும் என்றால் 2.5 நானோமோல் போகும். கணக்குப்படி 88 கிணறு, குழாய்ச் சுவரில் ஒட்டியது போக 70. வாங்கிய பொடியில் ஏற்கெனவே சிறு திரள்கள் இருக்கும் என்பதால், அதை ஹெக்சாஃபுளோரோ ஐசோபுரொப்பனாலில் மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்று கரைத்து, ஒட்டாத வகைக் குழாய்களில் பிரித்து, புகைப்பெட்டிக்குள் ஆவியாக்குங்கள். தோலையும் கண்ணையும் அரிக்கும் திரவம் அது; கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். வழக்கமாக இரவு முழுவதும் திறந்து வைப்பார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை நீலகிரியில் அப்படிச் செய்தால் பெட்டி உள்ளே இழுப்பது ஈரக்காற்றை. படலம் ஈரம் குடித்து, விதைத் திரள்கள் அப்போதே உருவாகிவிடும். உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் ஆவியாக்கி, பிறகு ஒரு மணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். படலத்தை மைனஸ் 80-இல் உலர்த்தியோடு வைக்கலாம்.

பயன்படுத்தும் நாளில் அந்த ஒரு மில்லிகிராம் படலத்தை 44 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் 5 மில்லிமோலார் கிடைக்கும். 200 மடங்கு நீர்த்தால் 25 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.5 சதவீதம். இங்கே ஒரு மலைச் சிக்கல் இருக்கிறது. டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறைந்துவிடும். ஊட்டியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாக நிற்பது போலவே இதுவும் அலமாரியில் கட்டியாக நிற்கும். பாதி உருகிய புட்டியிலிருந்து எடுக்கக் கூடாது: ஈரம் கலந்த பகுதிதான் முதலில் உருகும், முதலில் பிப்பெட்டுக்குள் வரும். முழுப் புட்டியையும் 30 டிகிரியில் வைத்து முற்றிலும் தெளிவான பிறகு எடுங்கள்; பிப்பெட் முனைகளையும் சேர்த்துச் சூடாக்குங்கள், இல்லையென்றால் முனைக்குள்ளேயே கெட்டிப்படும். மெல்லிய காற்றில் பிப்பெட்டுகளும் கொஞ்சம் குறைவாகத்தான் உறிஞ்சும். கீழே அளவீடு செய்து வந்த சான்றிதழை நம்பாமல், பத்து முறை நீரை எடுத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

தயோஃபிளேவின்-டி 3.19 மில்லிகிராமைப் பத்து மில்லி நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். வடிகட்டி, வெள்ளித்தாள் சுற்றி வையுங்கள். அதில் ஐம்பது மடங்கு நீர்த்து 412 நானோமீட்டரில் அளந்தால் 0.72 வர வேண்டும். பெரிதும் குறைந்தால் சாயத்தில் ஈரமும் உப்பும் அதிகம் என்று பொருள், அளவைக் கூட்டிக்கொள்ளலாம். கிணற்றில் 10 முதல் 20 மைக்ரோமோலார் போதும். தூண்டல் 440, உமிழ்வு 485.

இப்போது சோதனையின் மையத்துக்கு வருகிறேன். இ.பி.பி.எஸ்-ஐ முதலிலிருந்தே கலந்து வைத்து, இழை உருவாவது தாமதமாகிறதா என்று பார்ப்பது தடுப்புச் சோதனை. இழை முழுதாக உருவான பிறகு சேர்த்து, அது பிரிகிறதா என்று பார்ப்பது பிரிப்புச் சோதனை. கொரியக் குழுவின் கூற்று இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக எழுதும் ஆய்வேடுகள்தான் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளும். பெப்டைடை 37 டிகிரியில் மூன்று நாள் வைத்து இழையாக்குங்கள். ஒளிர்வு சமதளமானதை உறுதிசெய்த பிறகு இ.பி.பி.எஸ். சேருங்கள். சாயத்தை ஒவ்வொரு அளவீட்டுக்கும் சற்று முன்பு மட்டும் தனி மாதிரியில் கலப்பது நல்லது. நாட்கணக்கில் உள்ளே இருந்தால் சாயமே இழையைத் தாங்கிப் பிடிக்கக்கூடும்.

ஒளிர்வு குறைந்தால் இழை பிரிந்தது என்று அர்த்தமில்லை. சாயம் உட்காரும் பள்ளத்தில் வேறு மூலக்கூறு போய் உட்கார்ந்தாலும் ஒளிர்வு குறையும். ஒளியை விழுங்கினாலும் குறையும். இதைப் பிரித்துக் காட்டும் ஒரு கிணறு இருக்கிறது: தயாரான இழை, சாயம், அதோடு இ.பி.பி.எஸ். சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் வாசிப்பது. இழை பிரிய மணிக்கணக்கு வேண்டும். ஒரு நிமிடத்திலேயே ஒளிர்வு சரிந்தால் அது சாயத்தின் கோளாறு. இந்தக் கிணறு இல்லாத வரைபடத்துக்கு மதிப்பில்லை என்றே சொல்வேன்.

நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, அதாவது பலன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டுக்கு, தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நன்றாகப் பொருந்தும். முதிர்ந்த அமிலாய்டு இழையை அது உருமாற்றும் என்று 2010-இல் ஜெர்மன் குழு ஒன்று காட்டியிருக்கிறது. நீலகிரித் தேயிலை குடித்தால் மறதி போகும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேசையிலும் அது முரண்டு பிடிக்கும்: 7.4 பி.எச்-இல் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகி, ஒளியை விழுங்கும். அன்றன்று கரைத்தது மட்டுமே பயன்படுத்துங்கள். ஈ.ஜி.சி.ஜி. கிணற்றுக்கும் அந்த ஒரு நிமிடச் சோதனை அவசியம்.

ஒளிர்வைத் தாண்டி இன்னொரு சாட்சியும் வேண்டும். எளியது மைய விலக்கு: 16,000 ஜி, ஒரு மணி நேரம்; மேல் தெளிவில் புரதம் கூடியிருந்தால் கரைந்தது என்று கொள்ளலாம். அதை அளக்க, நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்கும் லௌரி முறையைத் தொடாதீர்கள். இ.பி.பி.எஸ்., ஹெப்பிஸ் இரண்டும் புரதமே இல்லாமலும் அதில் நிறம் காட்டும். புரதமில்லாத வெறும் பஃபரை வைத்துக் கழித்தாலும் எஞ்சுவது நம்பத்தக்கதாக இருக்காது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கோவையிலோ மைசூரிலோ எடுக்க வேண்டியிருந்தால், கிரிட் என்ற சிறு வலைத்தட்டில் மாதிரியை வைத்துச் சாயமேற்றி உலர்த்திய பிறகு கொண்டுபோங்கள். குழாயில் திரவமாக எடுத்துப்போனால், மலை இறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் கிணற்றில் இருந்தது ஒன்று, படத்தில் வருவது வேறொன்று ஆகிவிடும்.

பைப்பரசின் பஃபர்களில் இன்னொரு குணமும் உண்டு. வளையத்தின் நைட்ரஜன் எளிதாகத் தனி உறுப்பாக (ஃப்ரீ ராடிக்கல்) மாறும். வெளிச்சமும் ரைபோஃபிளேவினும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். தாமிர அயனியோடு அமிலாய்டைச் சேர்த்து ஆக்சிஜனேற்றம் பார்க்கும் சோதனையை இந்தப் பஃபரில் செய்யவே வேண்டாம். உயிரணு வளர்ப்பு ஊடகத்தில் கலந்தால் இருட்டில் வையுங்கள்.

பிளேட் விஷயத்தில் குளிர் மறுபடி குறுக்கே வரும். 37 டிகிரி ரீடரிலிருந்து 13 டிகிரி அறைக்கு வெளியே எடுத்த அடுத்த கணமே மூடும் படலத்தின் அடியில் நீர்த்துளி கோர்க்கும். மேலிருந்து வாசிக்கும் ஒளி சிதறி, எண்கள் குதிக்கும். பிளேட்டை வெளியே எடுக்காமலே முடியுங்கள், அல்லது அடியிலிருந்து வாசியுங்கள். ஓரக் கிணறுகளை வெறும் நீரால் நிரப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் அரை மணி நின்றாலும் பிளேட் குளிர்ந்து வளைவில் படி விழும் என்பதால், யு.பி.எஸ். ரீடரின் வெப்பத்தட்டையும் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஒரே ஒரு மில்லிகிராம் பெப்டைடு மட்டும் கையில் இருந்தால் எழுபது கிணறுகளை இப்படிச் செலவழிப்பேன். முதல் எட்டு, அந்த ஒரு நிமிடச் சோதனைக்கு: இ.பி.பி.எஸ்., ஹெப்பிஸ், ஈ.ஜி.சி.ஜி., வெறும் உப்பு, ஒவ்வொன்றும் இரண்டு. அதில் இ.பி.பி.எஸ். ஒளிர்வைக் கெடுக்கவில்லை என்று தெரிந்த பிறகே மற்றவை. அடுத்து 5, 20, 50, 100 மில்லிமோலார் என நான்கு செறிவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கிணறு, இ.பி.பி.எஸ்-க்கு ஒரு தொகுதியும் ஹெப்பிஸுக்கு ஒரு தொகுதியுமாக 32 கிணறு. உப்பு மட்டும் எட்டு, ஈ.ஜி.சி.ஜி. நான்கு. பெப்டைடு இல்லாத வெற்றுக் கிணறுகளுக்குச் செலவு இல்லை, தாராளமாக வையுங்கள். மீதமுள்ள பதினெட்டைக் கரைக்காமல், படலமாகவே மைனஸ் 80-இல் விட்டுவையுங்கள். நோட்டில் நாள், அறை வெப்பநிலை, 37 டிகிரியில் அளந்த பி.எச்., விட்ட காரத்தின் மில்லி நான்கும் எழுதியிருந்தால், மறுபடி செய்யச் சொல்லும்போது அதே கரைசலை அப்படியே திரும்பத் தயாரிக்கலாம்.